பழைய வீட்டோட வெளிவேலை: எதை முதல்ல மாத்தணும், எதைத் தள்ளிப் போடலாம்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

தமிழ்நாட்டுல 30, 40, 50 வருஷமான வீட்டை வெச்சிருக்கறவங்க கேக்குற கேள்விங்கதான் இங்க இருக்கு. பெரும்பாலும் கான்கிரீட் தளம் போட்ட தனி வீடு, சிலது அதுக்கும் முந்தின மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது மரக்கட்டை மேல செங்கல் அடுக்கித் தளம் போட்டது. எல்லா வேலைக்கும் ஒரே வருஷத்துல காசு பத்தாதுங்கறதை மனசுல வெச்சுதான் பதில் எழுதியிருக்கேன்.

மொட்டை மாடி, சன்ஷேடு, ஜன்னல், பெயிண்ட், கேட் எல்லாமே பழசாயிடுச்சு. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

யார் தலையிலயாவது விழக்கூடியது எதுவோ அது முதல்ல. அடுத்தது தண்ணி உள்ள வர்ற வழி, அதை மேலேர்ந்து கீழ பாத்துக்கிட்டே வரணும், அதாவது மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, மழைத்தண்ணி பைப்பு, வெளிப்பூச்சு, கடைசியா சுவரோட அடி. அதுக்கப்புறம்தான் ஜன்னல், கதவு. பெயிண்ட், கேட், முகப்புல ஒட்டுற எலிவேஷன் டைல்ஸ் எல்லாம் கடைசி. வீட்டுக்கு வெளியில வர்ற பிரச்சனையில முக்காவாசி தண்ணியாலதான் வருது, மேல ஒழுகுறதை விட்டுட்டு கீழ சுவரைப் பூசினா அடுத்த ஐப்பசியில அதே சுவர் திரும்பப் பொரிஞ்சு கொட்டும், ரெண்டு தடவை செலவு, இதுதான் நான் திரும்பத் திரும்பப் பாக்குறது, மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

வீட்டுல கல்யாணம் வருது, முதல்ல பெயிண்ட் அடிச்சிடலாம்னு எல்லாரும் சொல்றாங்களே?

நியாயமான ஆசைதான், சொந்தக்காரங்க வர்றப்போ வீடு பளிச்சுனு இருக்கணும்னு யாருக்குத்தான் இருக்காது. ஆனா ஓதம் ஏறின சுவர்ல பட்டி வெச்சு விலை கூடின எமல்ஷன் அடிச்சீங்கன்னா உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம பெயிண்ட் பலூன் மாதிரி உப்பிக்கும். அதனால வாசல் பக்கத்துச் சுவரை மட்டும் சுரண்டி, ஒரு கோட் பிரைமரும் சாதாரண சுவர் பெயிண்ட்டும் அடிச்சு விசேஷத்தை முடிங்க. பட்டி வேண்டாம், பத்து வருஷ கேரண்டி பெயிண்ட்டும் இப்ப வேண்டாம். அந்தக் காசை அப்படியே மாடிக்கு எடுத்து வைங்க.

தலையில விழக்கூடியதுன்னு எதைச் சொல்றீங்க?

சன்ஷேடு, பால்கனி, கைப்பிடிச் சுவர், வெளிப்பக்கமா சாய்ஞ்ச காம்பவுண்ட் சுவர். இதுல சன்ஷேடுதான் ரொம்ப ஏமாத்தும்.

சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும்தான் சுவர்ல பிடிச்சிருக்கு, மத்த மூணு பக்கமும் அந்தரத்துல நிக்குது. அதோட பாரத்தைத் தாங்குற முக்கியக் கம்பி மேல் பக்கமா ஓடுது. மேலதான் காஞ்ச இலை, மண்ணு, புறா எச்சம்னு சேந்து தண்ணி தேங்கி நிக்கும், அந்த ஈரம் இறங்கினா கம்பி துரு புடிக்கும். இரும்பு துருவா மாறினா அதோட பருமன் ரெண்டு மடங்குலேர்ந்து ஆறு மடங்கு வரைக்கும் கூடும், அந்த உப்பல்லதான் கான்கிரீட் பிளந்து காரை காரையா விழுது. கீழ இருந்து பாத்தா கம்பி போற திசையிலயே நேர்கோடா ஒரு விரிசல், அதை ஒட்டி காபிக் கலர்ல கறை, சில இடத்துல கம்பியே தெரியும். ஏணி போட்டு மேல் பக்கத்தையும் பாருங்க, சுவரும் சன்ஷேடும் சேர்ற மூலையில நீளமா விரிசல் இருந்தா அதுதான் ஆபத்தானது. அதுக்குக் கீழ யாரையும் நிக்க விடாதீங்க, பைக்கையும் நிறுத்தாதீங்க, பெயிண்டர் வர்றதுக்கு முன்னாடி இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

சரி பண்றப்போ வெளிய தெரியற ஓட்டையை மட்டும் சிமெண்ட் வெச்சு அடைச்சா பிரயோஜனம் இல்ல. தட்டினா பொத்பொத்துனு சத்தம் வர்ற கான்கிரீட் முழுசையும் எடுக்கணும், கம்பிக்குப் பின்னாடி விரல் நுழையற அளவுக்குத் தோண்டணும், கம்பிப் பிரஷ் போட்டு துரு போகத் தேய்க்கணும், துருத் தடுப்பு பிரைமர் அடிக்கணும், அப்புறம்தான் பாலிமர் கலந்த கலவை. கம்பி கண்ணுக்குத் தெரியற அளவு மெலிஞ்சு போயிருந்தா புதுக் கம்பி சேக்கணும், இல்லன்னா சன்ஷேட்டையே எடுத்துட்டு வேற போடணும், அதை முடிவு பண்ண வேண்டியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான், மேஸ்திரி இல்ல.

மேல்பக்கம் வெளிய பாத்து வாட்டம் இருக்கட்டும். கீழ் விளிம்புல தண்ணி சொட்டி விழறதுக்கு ஒரு பள்ளம், டிரிப் மோல்டுன்னு சொல்வாங்க, அது இல்லன்னா தண்ணி அடியிலயே ஊர்ந்து சுவருக்கு வந்துடும்.

மொட்டை மாடி ஒழுகுது. தட்டோடு மொத்தத்தையும் பேத்து மாத்தணுமா?

எப்பவும் வேண்டியதில்ல. பழைய வீட்டுல கான்கிரீட் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதுக்கு மேல தட்டோடு, அதாவது தட்டையான களிமண் ஓடு பதிச்சிருப்பாங்க. இது ஒரு நல்ல முறை, வெயிலையும் தாங்கும். பலசமயம் தட்டோடு நல்லாவே இருக்கும், ஓட்டுக்கு நடுவுல இருக்கற இணைப்பு மட்டும்தான் உதிர்ந்து போயிருக்கும். ஒவ்வொரு தட்டோட்டையும் சுத்தியல் கைப்பிடியால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா விட்டுடுங்க, வெத்துச் சத்தம் வந்தா சாக்பீஸ்ல குறி போடுங்க. குறி அங்கங்க கொஞ்சமா இருந்தா அந்தத் தட்டோட்டை மட்டும் மாத்தி, மத்த இணைப்புங்களைச் சுரண்டி எடுத்து வாட்டர் புரூஃப் கலந்து திரும்ப அடைச்சாலே போதும். பாதிக்கு மேல குறி விழுந்தாத்தான் மொத்தமா எடுக்கறதைப் பத்தி யோசிக்கணும்.

இன்னொரு விஷயம், ஒழுகுற இடம் பலசமயம் தட்டோடாவே இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற அடி மூலை, மழைத்தண்ணி பைப்போட வாய், டேங்க் நிக்கிற இடம், ஏசிக்கும் கேபிளுக்கும் போட்ட ஓட்டை, இந்த நாலையும் முதல்ல பாருங்க. அடி மூலையில கலவையை உருண்டையா வளைச்சுப் பூசி, வாட்டர் புரூஃப் கோட்டிங்கைச் சுவர் மேல ஒரு அடி உயரத்துக்காவது ஏத்தணும். தளத்துக்கு மட்டும் அடிச்சுட்டு மூலையை விட்டா காசு கரியானதுதான்.

பழைய தட்டோட்டு மேலயே புது டைல்ஸ் ஒட்டிடலாம்னு மேஸ்திரி சொல்றாரு, செலவு கம்மியாம்.

வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்க, 1000 சதுர அடி மாடியில 3 இஞ்ச் கனத்துக்கு ஜல்லிச் சுண்ணாம்பு இருந்தாலே அது சுமார் 12 டன் வரும். அந்த பாரத்தைத் தாங்கிட்டு நிக்கிற 40 வருஷத் தளத்து மேல இன்னும் கலவை, இன்னும் டைல்ஸ்னு ஏத்தறது நல்லதில்ல. அதுவும் இல்லாம கீழ அடுக்குல சிக்கின தண்ணிக்கு மேல போக வழி அடைஞ்சு போய் சீலிங் வழியாத்தான் இறங்கும். எடுத்துட்டுப் போடுங்க, இல்ல இருக்கறதைச் சரி பண்ணுங்க.

ரப்பர் மாதிரி வெள்ளைக் கோட்டிங் அடிச்சா போதாதா?

தளம் நல்லா இருந்து மயிரிழை விரிசல் மட்டும் இருந்தா போதும், வெயில் நேரத்துல வீட்டுக்குள்ள சூடும் குறையும். ஆனா சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கணும், தண்ணி தேங்குற இடத்துல சீக்கிரம் உரிஞ்சு வரும். வாட்டம் சரியில்லாத மாடிக்கு எந்த டப்பாவும் மருந்து இல்ல.

வேலை முடிஞ்சதும் சரியா பண்ணியிருக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பைப்பு வாயெல்லாம் துணி சுத்தின கட்டையால அடைச்சு, மாடி முழுக்க ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி 48 மணி நேரம் நிறுத்துங்க. தண்ணி மட்டத்தைச் சுவர்ல பென்சில்ல குறிச்சுக்கோங்க. கீழ சீலிங்ல, சுவர் மேல் ஓரத்துல, லைட் பாயிண்ட்ல ஈரம் தெரியுதான்னு காலையும் சாயந்தரமும் பாருங்க. இந்த டெஸ்ட் முடிஞ்சாத்தான் கடைசித் தவணைன்னு வேலை பேசறப்பவே சொல்லிடுங்க, நல்ல ஆளுங்க இதுக்கு மறுப்பு சொல்ல மாட்டாங்க. மெட்ராஸ் டெரஸா இருந்தா மட்டும் தண்ணி கட்டாதீங்க, மரக்கட்டைக்கு அது ஆகாது, ஹோஸ் பைப்ல பகுதி பகுதியா நனைச்சுப் பாத்தா போதும்.

மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு வேற கணக்கா?

வேற கணக்குதான், இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. இந்த வீட்டுல தளத்தைத் தாங்குறது தேக்குக் கட்டைங்க. அதுக்கு மேல சின்னச் சின்ன செங்கல்லை நிக்க வெச்சு, குறுக்கு வாட்டுல சுண்ணாம்புல பதிச்சு, அதுக்கு மேல செங்கல் ஜல்லி, அதுக்கு மேல ஓடு. சுவரும் சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தா வெளிய விடும், அப்படித்தான் நூறு வருஷம் நின்னிருக்கு.

அது மேல சிமெண்ட் பூச்சைப் பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். உப்பு செங்கல்லோட முகத்துலயே பூத்து செங்கல்லையே மாவாக்கிடும். பூச்சைத் தட்டி எடுத்துப் பாத்தா கையோட செங்கல் தூளும் சேந்து வரும், வெளிய இருந்து பாக்க சுவர் அழகா இருந்திருக்கும். அதனால சுண்ணாம்புச் சுவருக்கு சுண்ணாம்புப் பூச்சு, மேல சுண்ணாம்பு வெள்ளை. கடுக்காய், வெல்லம் ஊறின தண்ணி விட்டு சாந்து அரைக்கத் தெரிஞ்ச ஆளுங்க காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்காங்க, தேடிப் பிடிக்கறது கஷ்டம்னாலும் பிடிங்க. சுண்ணாம்பு இறுகறதுக்கு நாள் கூட ஆகும், மேஸ்திரியை அவசரப்படுத்தாதீங்க.

இந்த வீட்டுல முதல் வேலை கட்டையோட நுனியைப் பாக்கறது. கட்டை நடுவுல நல்லாத்தான் இருக்கும், சுவருக்குள்ள நுழையற ஒரு சாண் இடத்துலதான் ஈரம் பட்டு உளுத்துப் போகும், கரையானும் அங்கதான் ஏறும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக் குத்திப் பாருங்க. பூந்துச்சுன்னா மத்த எல்லா வேலையும் நிறுத்திட்டு அதுக்கு முட்டு குடுக்கற வழியைப் பாருங்க.

கைப்பிடிச் சுவர்ல அரசமரம் முளைச்சிருக்கு. வருஷா வருஷம் வெட்டறோம், திரும்ப வருது.

மேல வெட்டறதால வேர் கொழுக்குது, அவ்வளவுதான். பூச்சைத் திறந்து வேர் போற வழியைப் பிடிச்சு முழுசா எடுக்கணும், தேவைப்பட்டா நாலு வரிசை செங்கல்லைப் பிரிச்சுக் கட்டணும். செடி கட்டை விரல் தடிமன் ஆகறதுக்குள்ள எடுத்தா ஒரு நாள் வேலை, விட்டா சுவரையே பிளந்துடும்.

மழைத்தண்ணி பைப்பு இவ்வளவு முக்கியமா?

ஆமா. 10 சென்டிமீட்டர் மழை பேஞ்சா 1000 சதுர அடி மாடியில 9,000 லிட்டருக்கு மேல தண்ணி விழுது, கிட்டத்தட்ட ஒரு தண்ணி லாரி அளவு. சென்னையில ஐப்பசி கார்த்திகையில ஒரே நாள்ல இதை விட ஜாஸ்தி பேஞ்சதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2015 டிசம்பரையும் 2023ல மிக்ஜாம் புயலையும் யாரும் மறக்க முடியாது. பழைய வீட்டுல இதுக்கெல்லாம் சேத்து ரெண்டு இஞ்ச் தூம்பு ஒண்ணு ரெண்டு இருக்கும், தண்ணி நேரா சுவர்லயே வழியும். சுவர்ல பச்சைப்பாசிக் கோடு எங்க இருக்குன்னு பாருங்க, பைப்பு அங்கதான் வேணும். 4 இஞ்ச் பைப்பு மூலைக்கு ஒண்ணு, வாயில சல்லடை, கீழ வர்ற தண்ணி சுவரடியில தேங்காம மழைநீர்த் தொட்டிக்குப் போகணும். 2003லயே தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க, அப்ப தோண்டின குழி இப்ப மண்ணு மூடிக் கிடக்கும், தூர் வாருங்க. மொத்த வெளிவேலையில குறைஞ்ச செலவுல அதிகப் பலன் தர்றது இந்த பைப்பு வேலைதான்.

எல்லாச் சுவரையும் ஒரே தடவையில பூசணுமா?

அவசியம் இல்ல. கடலோர மாவட்டத்துல வடகிழக்குப் பருவமழைதான் பெருசு, காத்தோட சேந்து கிழக்குச் சுவரையும் வடக்குச் சுவரையும்தான் அடிக்கும். கோயம்புத்தூர், தென்காசி, நாகர்கோவில் பக்கம் தென்மேற்குக் காத்தும் சேந்து அடிக்கும், அங்க மேற்குச் சுவரையும் பாருங்க. அடி வாங்குற சுவரை இந்த வருஷம், மத்ததை அடுத்த வருஷம்.

விரிசல் இருந்தா முதல்ல அது ஓடிக்கிட்டே இருக்கான்னு தெரிஞ்சுக்கணும். விரிசலோட முனையில பென்சில் கோடு போட்டு தேதி எழுதுங்க, குறுக்கால ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் ஒட்டி வைங்க. சில மாசம் கழிச்சுக் கண்ணாடி உடைஞ்சிருந்தா விரிசல் இன்னும் ஓடுதுன்னு அர்த்தம், அஸ்திவாரமே அசையலாம், பூச்சு வேலை அதுக்கு பதில் இல்ல. ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா மேல ஏறுற விரிசலையும் படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியா போற விரிசலையும் சும்மா விடாதீங்க.

ஜன்னலை யுபிவிசிக்கு, அதாவது கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாத்தலாமா?

பழைய தேக்கு ஜன்னலா? தயவு செஞ்சு அவசரப்பட்டு எடைக்குப் போட்டுடாதீங்க. பெரும்பாலும் கீழ்ச் சட்டம் மட்டும்தான் உளுத்திருக்கும், ஆசாரி அதை மட்டும் வெட்டி வேற துண்டு சேத்துக் குடுப்பாரு, அந்தத் தரத்துல மரம் இப்ப வாங்கணும்னா நம்ம பட்ஜெட்டே அதுல போயிடும். நாட்டு மரமா இருந்து நிலையோட உளுத்திருந்தா மாத்துங்க. கடற்கரைப் பக்கம் இரும்பு ஜன்னலும் கிரில்லும் தின்னு போயிருந்தா அங்க யுபிவிசி நல்லதுதான். அவசரத்துல ஜன்னல் பூச்சுக்கு அப்புறம்தான்னாலும், மாத்தறதுன்னு முடிவாயிட்டா அந்தச் சுவரோட வெளிப்பூச்சுக்கு முன்னாடி போடுங்க, பூசின சுவரை திரும்ப உடைக்க வேணாம்.

பழைய ஜன்னல், கேட்டுல இருக்கற பெயிண்ட்டைக் காஞ்சபடி தேய்க்க விடாதீங்க. 2017 நவம்பர்லேர்ந்துதான் வீட்டு பெயிண்ட்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின எனாமல்ல ஈயம் இருந்திருக்கலாம். தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க, குழந்தைங்களையும் மாசமா இருக்கறவங்களையும் அந்தப் பக்கம் விடாதீங்க.

பின்னாடி ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கு, எப்ப மாத்தறது?

உடையாம இருந்தா அவசரம் இல்ல. உடைஞ்சு உதிருதுன்னா சீக்கிரம் மாத்துங்க. எடுக்கறப்போ நல்லா நனைச்சு, முழு ஷீட்டா இறக்கணும், ரம்பம் போட்டு அறுக்கறதோ சுத்தியலால உடைக்கறதோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். வேலை செய்யற ஆளுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க, அவர் கேக்க மாட்டாரு, நாமதான் குடுக்கணும்.

சோலார் போடலாம்னு இருக்கோம். மாடி வேலைக்கு முன்னாடியா பின்னாடியா?

கண்டிப்பா மாடி வேலை முதல்ல. 2024 பிப்ரவரியில வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னதும் நிறைய பேர் ஆசைப்படறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பேனல் 25 வருஷம் அங்கயே நிக்கப் போகுது. அதுக்குக் கீழ ஒழுகினா எல்லாத்தையும் கழட்டணும். ஸ்டாண்டைத் தளத்துல ஓட்டை போடாம சின்னக் கான்கிரீட் பீடத்துல நிறுத்த முடியுமான்னு கேளுங்க, புயல் காத்துக்கு அந்த எடை பத்துமான்னும் கேளுங்க.

ரோடு உயர்ந்து வீடு பள்ளமாயிடுச்சு. வீட்டையே ஜாக்கி வெச்சுத் தூக்கறாங்களே?

தூக்கறாங்க, நம்ம ஊர்ல நல்லாவே நடக்குது. ஆனா அது பெரிய செலவு, அதுக்கப்புறம் தரை, செப்டிக் டேங்க் லைன், படி, காம்பவுண்ட் எல்லாமே மாறும். தூக்கற யோசனை இருந்தா மத்த எந்த வெளிவேலையிலயும் இப்ப காசைப் போடாதீங்க, முதல்ல அதை முடிவு பண்ணுங்க. தூக்கலைன்னா வாசல்ல ஒரு உயரமான தடுப்பு, சுவரைச் சுத்தி ரெண்டரை அடிக்கு வெளிப்பக்கமா வாட்டம் வெச்சு சிமெண்ட் தரை, தண்ணியை வெளிய தள்ள ஒரு சின்ன பம்ப்பு.

எந்த மாசத்துல எந்த வேலை?

தை பொறந்ததும் ஆள் பேசிடுங்க. மாசி, பங்குனியில மாடியும் சன்ஷேடும். சித்திரை வெயில்ல கோட்டிங் அடிக்கறதுன்னா காலையில சீக்கிரம் அடிச்சு முடிக்கணும், உச்சி வெயில்ல சுடுற தளத்துல அடிச்சா சரியா ஒட்டாது. பூச்சு வேலைக்கு ஒரு வாரமாவது தண்ணி விட்டு நனைக்கணும், கோடையில தண்ணிக் கஷ்டம் இருந்தா ஆடி, ஆவணியில வெச்சுக்கோங்க. சுவர் நல்லா காஞ்சப்புறம்தான் பெயிண்ட். கடலோரப் பக்கம் புரட்டாசி முடியறதுக்குள்ள வெளிவேலை முடிஞ்சிருக்கணும்.

சாரம் கட்டறதுக்கு முன்னாடி கம்பத்துலேர்ந்து வர்ற ஈபி ஒயரைப் பாருங்க. சன்ஷேடு பக்கத்துல ஓடுதுன்னா ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து சப்ளையை நிறுத்தச் சொல்லுங்க, இல்ல ஒயரைத் தள்ளிக் கட்டச் சொல்லுங்க. இரும்புச் சாரம் ஒயர்ல பட்டு ஆள் செத்துப் போன செய்தி வருஷா வருஷம் வருது, ஒரு நாள் கரண்ட் இல்லாம இருக்கறது பெரிய விஷயமே இல்ல.

மூணு பேர் மூணு ரேட் சொல்றாங்க. எப்படி ஒப்பிடறது?

மொத்தத் தொகையை வெச்சு ஒப்பிடாதீங்க. எத்தனை சதுர அடி, எந்தப் பொருள், எத்தனை கோட், ஒரு கோட்டுக்கு எத்தனை லிட்டர், பழசைப் பேத்து எடுக்கறதும் குப்பை அள்ளறதும் சேத்தா, சாரம் யார் செலவு, இதையெல்லாம் ஒரே தாள்ல எழுதி வாங்குங்க. அப்பத்தான் குறைச்சு சொன்னவரு எதை விட்டுட்டு சொல்லியிருக்காருன்னு தெரியும். பெரும்பாலும் விட்டது பேத்து எடுக்கற கூலியாத்தான் இருக்கும்.

எப்ப இதெல்லாம் வேண்டாம், இடிச்சுக் கட்டறதே மேல்னு முடிவு பண்ணலாம்?

சீலிங்ல ஒரு ரூம்ல காரை விழுந்தா அது ரிப்பேர். எல்லா ரூம்லயும் கம்பி தெரிஞ்சு, பீம், தூண்லயும் கம்பியை ஒட்டி நேர் விரிசல் ஓடி, தளம் நடுவுல தொய்ஞ்சிருந்தா வெளிவேலைக்கு ஒரு ரூபாய் போடறதுக்கு முன்னாடி கான்கிரீட்டை டெஸ்ட் பண்ணுங்க. சுத்தியல் மாதிரி ஒரு கருவியை வெச்சு அழுத்திப் பாக்கற டெஸ்ட், கான்கிரீட்டை உருளையா வெட்டி எடுத்து லேப்ல நசுக்கிப் பாக்கற டெஸ்ட், கம்பி எவ்வளவு துரு புடிச்சிருக்குன்னு பாக்கற டெஸ்ட்னு இருக்கு. கடலோர வீடுன்னா கான்கிரீட்ல உப்பு எவ்வளவு இருக்குன்னும் பாக்கச் சொல்லுங்க, அந்தக் காலத்துல உப்புத்தண்ணிக் கிணத்துல கலவை போட்டிருந்தா கம்பி உள்ளேர்ந்தே தின்னுக்கிட்டு இருக்கும், வெளிய எத்தனை கோட்டிங் அடிச்சாலும் அது நிக்காது. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மாடியில தண்ணி தேங்காம பாத்துக்கோங்க, ஃபுல் டேங்க்கைப் பாதியாக் குறைங்க, தொய்ஞ்ச தளத்துக்குக் கீழ கட்டில் போட்டுத் தூங்காதீங்க.